பென்சிலால் எழுதப்பட்டவர்கள்

படைவீரர் ஆவண அலுவலகத்தில் இரண்டு வகை எழுத்து உண்டு. நடந்து முடிந்தது மையில் ஏறும். நடந்ததா இல்லையா என்று தெரியாதது பென்சிலில் நிற்கும். சேர்ந்த நாள், பெற்ற பயிற்சி, பதவி உயர்வு, தண்டனை, ஓய்வு, இறப்பு யாவும் மை. ‘காணாமற்போனவர்’ என்னும் ஒரு குறிப்பு மட்டும் பென்சில்.

விதிப்புத்தகம் இப்படிச் சொல்லவில்லை. காணாமற்போனவரை ஓராண்டுக்குள் மீண்டவர் என்றோ இறந்தவர் என்றோ மையால் முடித்துவிட வேண்டும் என்றுதான் அது சொல்லிற்று. ஆனால் எழுத்தர்களும் பிள்ளை பெற்றவர்கள்தாமே! களத்திலே பகைவன் கொன்றானோ இல்லையோ, மேசையிலே தான் ஒருவனைக் கொல்ல எந்தக் கைக்கும் துணிவு வரவில்லை. போர்முனையிலிருந்து வரும் பட்டியலைப் பார்த்து, ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் மெல்லக் குறிப்பார்கள். பட்டியல்கள் ஆண்டிறுதியில் எரிக்கப்படும். குறிப்பு மட்டும் இருக்கும். அவன் வந்தால் அழித்துவிடலாம். வராவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி இருந்துவிட்டுப் போனவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

தலைமை எழுத்தர் அந்த ஏடுகளோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர். பந்துமுனைப் பேனாவை வாழ்நாளில் தொடாதவர். மேசைமேல் மைப்புட்டியும் பையில் ஊற்றுப்பேனாவும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு ‘மைக்கூடு’ என்று பெயர். காலையில் முதல் ஏட்டைத் திறக்குமுன் கண்மூடித் துதிப்பாட்டில் ஓர் அடியை மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். மூல ஏடு இறைவனிடம் இருக்கிறது, தம் கையில் இருப்பது அதன் நகல் என்பது அவர் நம்பிக்கை. நகலில் பிழை வரக்கூடாது என்று நடுங்குகிற நம்பிக்கை.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவன் அவருடைய அக்காவின் ஒரே மகன். தகப்பனில்லாப் பிள்ளை, மாமன் தோளில் வளர்ந்தவன். விழுப்புண் மார்பில் பட வேண்டும், முதுகில் பட்டால் குலத்துக்கு இழுக்கு என்று பழம்பாட்டுகளைச் சொல்லிச் சொல்லி அவனை வளர்த்தவர் இவர்தாம். பத்தொன்பது வயதில் அவன் படையில் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நிரப்பியதும் இவருடைய ஊற்றுப்பேனாதான். நான்காம் ஆண்டில் ஓர் ஆற்றைக் கடக்கையில் நாற்பது பேர் நீரில் இறங்கினார்கள். முப்பத்தொருவர் கரையேறினார்கள். எட்டு உடல்கள் கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை.

அன்று பென்சிலைச் சீவச் சீவ அவருக்குக் கூர் போதவில்லை. பாதிப் பென்சில் சீவலாகக் கொட்டிய பிறகுதான் எழுதினார். அந்தக் குறிப்புக்கு இப்போது வயது ஒன்பது.

நவீனமாக்கும் திட்டம் வந்தபோது அவர் முரண்டு பிடிப்பார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் மகிழ்ந்தார். கறையானும் கசிவும் ஏடுகளைத் தின்பதைக் கண்டு கண்டு சலித்தவர் அவர். ஒப்பந்த நிறுவனத்தின் திட்ட மேலாளர் நாற்பது வயதுப் பெண்மணி. வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். பழைய உணவுக்கூடத்தில் படமெடுக்கும் பொறிகளை வரிசையாக நிறுத்தி, அறுபதாயிரம் ஏடுகளையும் ஐந்து மாதத்தில் கணினிக்குள் ஏற்றிவிடுவதாக வாக்களித்தார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவர் மைக்கூட்டின் மேசைக்கு வந்தார்.

“சார், தாளெல்லாம் ஒரே அழுக்கு. குண்டூசித் துரு, டீக்கறை, பூஞ்சை. எது எழுத்து, எது கறைன்னு கணினி குழம்பிப் போகுது. சுத்தம் பண்ணிட்டு ஏத்தலாமா?”

“எழுத்து போயிடாதேம்மா?”

“மை போகாது சார். அழுத்தமா இருக்கிறது நிக்கும். மங்கலா இருக்கிறதுதான் போகும்.”

தலைமை எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அம்மா, இந்த ஆபீஸ்ல எது பதிவோ அது மையில இருக்கும். மையில இல்லாதது பதிவே இல்ல. நீங்க தாராளமா சுத்தம் பண்ணுங்க.”

மேலாளர் ஒரு மாதிரிப் பக்கத்தைக் காட்டினார். இருபதாண்டுக் கறை நீங்கி, தம்முடைய எழுத்து கழுவிவிட்ட கருங்கல்லைப்போலப் பளபளத்ததைக் கண்டு மைக்கூடு உள்ளம் குளிர்ந்தார், கையொப்பமிட்டார். பென்சில் அவர் நினைவுக்கு வரவேயில்லை. மூக்குக் கண்ணாடியைத் தாளின்மேல் இருக்கும் பொருள் என்று யார் நினைக்கிறார்கள்? பென்சிற் குறிப்பு அவருக்கு அப்படித்தான். அது எழுத்தே அன்று. ஏட்டைப் பார்க்கும் பார்வை.

ஐந்து மாதம் முடிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று வீதம் அறுபது ஏடுகளை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டுச் சான்றளிக்க வேண்டும் என்பது விதி. அவர் அறுபதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஒரு புள்ளி பிசகவில்லை. ‘மூலமும் படியும் ஒன்றே’ என்று எழுதி அடியில் ஒப்பமிட்டார். அந்த ஒப்பத்தின் பேரில் மூன்று நாள் லாரிகள் வந்து ஏடுகளைக் காகிதக் கூழாலைக்கு ஏற்றிப்போயின. எடுத்த அறுபது ஏடுகளில் பென்சிற் குறிப்புள்ள இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றும் சிக்கவில்லை.

தொடக்க விழாவில் பெரிய மண்டபத்தின் சுவர் முழுக்கத் திரை. படைத்தலைவர் பொத்தானை அழுத்தினார். எண்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. பணியில் உள்ளோர் இத்தனை, ஓய்வுபெற்றோர் இத்தனை, வீரமரணம் எய்தியோர் இத்தனை. கடைசி வரியில், காணாமற்போனோர்: 0.

“பார்த்தீர்களா! நம் வீரர்களில் ஒருவரைக்கூட நாம் தொலைக்கவில்லை” என்றார் படைத்தலைவர். மண்டபம் கைதட்டி அதிர்ந்தது.

தலைமை எழுத்தரின் கைகள் தட்டுவதற்கு எழுந்து பாதி வழியில் நின்றன. அருகில் அஞ்சல் பிரிவு எழுத்தர் இருந்தார். யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒட்டிக்கொண்டு விடமாட்டார் என்பதால் அவருக்குக் ‘கோந்து’ என்று பெயர். அவர் காதோடு குனிந்தார்.

“என்னய்யா மைக்கூடு, இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒரே ராத்திரியில வீடு திரும்பிட்டாங்களா? எனக்கு ஒருத்தன்கூட வணக்கம் சொல்லலையே?”

கூட்டம் கலையுமுன் மைக்கூடு தம் இருக்கைக்குப் போய் மருமகனின் பணியெண்ணைத் தட்டினார். அந்த எண்ணுக்கு ஏடு வேண்டியதில்லை. உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். திரை விரிந்தது. சேர்ந்த நாள் அவர் எழுத்தில் பளிச்சென்றிருந்தது. பயிற்சி பளிச்சென்றிருந்தது. ஓரம் வெண்மையாக இருந்தது, அழுக்கே படாத வெண்மை. அதற்குக் கீழே, முப்பது நாளுக்கு மேல் வருகைப் பதிவும் விடுப்பும் இறப்பும் இல்லாதவர்களுக்குக் கணினி தானே இடுகிற முத்திரை இருந்தது: ‘பணியை விட்டு ஓடியவர்.’ அதற்கும் கீழே: ‘குடும்பத்துக்குத் தகவல் அனுப்பப்பட்டது. இன்று காலை 9.00.’

தன் கையே தன் கண்ணைக் குத்தியது என்று சொல்லுவார்கள். அந்தக் கையை நீட்டியே அவர் திட்ட மேலாளரைத் திரைக்கு அழைத்தார்.

திட்ட மேலாளர் முதலில் நம்பவில்லை. பிறகு விளங்கியதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

“பென்சிலா? யாராவது ஆவணத்தைப் பென்சில்ல எழுதுவாங்களா சார்?”

“நாங்க எழுதினோம்.”

“நான் வந்து கேட்டேனே சார்! மங்கலா இருக்கிறது போகும்னு வாயத் திறந்து சொன்னேனே. மையில இல்லாதது பதிவே இல்லன்னு நீங்கதானே...”

“நான்தான்.”

“திருத்த வழி இருக்கு. காணாமற்போனவர்னு ஒரு கட்டம் இருக்கு. ஆனா அதுல ஒருத்தரப் போட மையில ஒரு சான்று கேக்கும். மூலம் எங்க சார்?”

மூலம் இந்நேரம் அட்டைப்பெட்டியாகி எந்தக் கடையிலோ செருப்பைச் சுமந்துகொண்டிருக்கும்.

அலுவலகத்தின் தலைவரான கர்னலின் அறையில் விழாவின் மாலை இன்னும் மேசைமேல் கிடந்தது. தலைமை எழுத்தர் நின்றபடி முழுவதும் சொன்னார். தம் குற்றத்தில் ஓர் எழுத்தையும் குறைக்கவில்லை. கர்னல் கெட்டவர் அல்லர். கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது. ஆனால் பேசியபோது குரல் தாழ்ந்தே வந்தது.

“மேலிடத்துக்குச் சுழியம்னு போயாச்சுங்க. படைத்தலைவர் வாயால சொல்லியாச்சு. இனி அது ஒண்ணாக்கூட ஆக முடியாது. புரியுதா?”

“ஐயா, இருநூத்திப் பன்னெண்டு வீடு. ஓடுகாலின்னு பேரு.”

“அதுக்கு ஒரு வழி உண்டு. பெத்தவங்களோ மனைவியோ, இறந்துட்டார்னு நாங்க நம்பறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, கணினி அவர வீரமரணத்துல ஏத்திக்கும். மரியாதை, நினைவுச் சுவர்ல பேரு, எல்லாம் உண்டு. முப்பது நாள் கெடு. அதுக்கு மேல அந்தப் பேரு நிலைச்சுடும்.” சற்று நின்று சொன்னார்: “இன்னொண்ணு. விதிப்படி ஒரு வருஷத்துல முடிக்க வேண்டியத முடிக்காம வச்சது யாரு? இதக் கிளறினா உங்க ஆபீஸ் முழுக்க மாட்டும். நீங்க ஓய்வுக்கு ரெண்டு மாசத்துல இருக்கீங்க.”

எழுத்தர்களின் கையால் ஒருவனும் சாகக் கூடாது என்று எத்தனையோ ஆண்டுகள் காத்த வழக்கம் இப்படி முடிந்தது. கொல்லும் பேனாவை இனித் தாயின் கையிலேயே கொடுத்துவிடலாம். தலைமை எழுத்தர் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டே போனார். குலத்தின் பெயர், மார்பில் தாங்கிய புண், கல்லில் நின்ற பெயர்கள்... கோத்தது ஒவ்வொரு தெருமுனையிலும் அறுந்தது.

அக்கா வீட்டுக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். பூட்டு துருவேறிப் பல ஆண்டுகள் ஆயின. மாற்றச் சொல்லி அவரும் வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. பழைய சாவி ஒன்று மகனிடம் இருக்கிறது என்பாள். அதற்குமேல் பேச்சில்லை.

முன்னறையில் தையற்பொறி ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிப்பது அக்காவின் தொழில். வெள்ளைத் துணி மலைபோல் குவிந்திருக்க, அதன் நடுவே அவள் தலை மட்டும் தெரிந்தது. அழுதுகொண்டிருப்பாள் என்று எண்ணி வந்தவர் திகைத்தார். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

“வாடா. உனக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு.” கைப்பேசியை நீட்டினாள். “எனக்குக் கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியல. பக்கத்து வீட்டுக்காரி படிச்சுக் காட்டினா. படிக்கும்போதே அவ மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! நீ ஒரு தரம் நிதானமாப் படி.”

அவர் படித்தார். ‘தங்கள் மகன் பணியை விட்டு ஓடியவர் எனப் பதியப்பட்டுள்ளார்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

“ஓடியவர்” என்று அக்கா திருப்பிச் சொன்னாள், இனிப்பை நாவில் வைத்ததுபோல. “ஓடணும்னா உசிரு வேணும்ல?”

“அக்கா...”

“ஒன்பது வருஷமாடா! ஒரு காகிதம் வந்துச்சா? இருக்கான்னும் சொல்லல, செத்தான்னும் சொல்லல. இப்பத்தான் ஒருத்தன் எழுத்துல குடுத்திருக்கான். எந்த மகராசனோ.”

அந்த மகராசன் தாமே என்பதை எப்படிச் சொல்வது? ஆனால் பொய்யின்மேல் அக்காவை உட்கார வைத்துவிட்டுப் போக அவரால் முடியவில்லை. சொன்னார். கறை, மங்கல், பென்சில், கூழாலை, கணினி தானே இட்ட முத்திரை. சொல்லச் சொல்லத் தையற்பொறியின் சக்கரம் மெல்ல நின்றது.

“அது மனுசன் எழுதினது இல்லக்கா. அவன் ஓடினதா யாருக்கும் தெரியாது. இது வெறும் பிழை. என் பிழை.”

“அப்ப நீ பென்சில்ல எழுதினியே, அது மட்டும் கண்ணால பாத்தா எழுதின?”

அவர் கைப்பேசியைத் துணிக் குவியலின்மேல் வைத்தார்.

“சொல்லேன். ஆத்துல நீயா நின்ன? காணோம்னு ஒருத்தன் சொன்னான், நீ எழுதின. இது ஓடிட்டான்னு சொல்லுது. ரெண்டுக்கும் சாட்சி இல்ல. எனக்கு எது வேணுமோ அத நான் எடுத்துக்கறேன்.”

“பேரு கெட்டுப்போகும்க்கா. அவன் படிச்ச பள்ளிக்கூடத்துச் சுவர்ல இருக்கிற படத்த எடுத்துடுவாங்க. தெருவுல ஓடுகாலின்னு...” அவர் படிவத்தை விரித்தார். “இதுல ஒரு கையெழுத்துப் போட்டா மரியாதை திரும்பி வந்துடும். முப்பது நாள்தான் கெடு.”

அவள் படிவத்தை வாங்கித் தூரமாய்ப் பிடித்து, பெரிய எழுத்தை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘இறந்துவிட்டார் என நான் நம்புகிறேன்.’ பிறகு அதை மடித்துத் தம்பியின் சட்டைப்பையில் தானே செருகினாள். சிறுவயதில் அவர் பள்ளிக்குப் போகையில் கைக்குட்டையைச் செருகியது போலவே செருகினாள்.

“நீ சின்ன வயசுலேந்து அவனுக்குப் பாட்டுச் சொன்ன. புறமுதுகு காட்டினா பெத்தவ வயிறு எரியும்னு சொன்ன. நானும் அடுப்படியிலேந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். அந்தப் பாட்டெல்லாம் கட்டினவன் எவனாவது புள்ளையப் பெத்தானாடா?”

கற்ற பாட்டுகளை அவர் ஒவ்வொன்றாக மனத்துக்குள் புரட்டினார். ஒன்றும் உதவவில்லை.

“போ. எனக்கு நாளைக்கு நூறு விரிப்புக் குடுக்கணும்” என்று அவள் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள்.

முப்பது நாளும் அவர் அலுவலகத்துக்குப் போனார். உறுதிமொழிகள் வந்துகொண்டிருந்தன. முதல் வாரம் முப்பது, இரண்டாம் வாரம் எண்பது. ஒரு தகப்பன் கைநாட்டு வைத்திருந்தார்; மை அதிகமாகித் தாளெங்கும் கறையாகியிருந்தது. கோந்து ஒவ்வோர் உறையையும் பிரித்து, பகடி ஏதும் பேசாமல் மைக்கூட்டின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் பேசாதிருந்தது அலுவலகத்தில் அதுவே முதன்முறை. மண்டபத் திரையில் வீரமரண எண் நாள்தோறும் ஏறியது. கடைசி வரி அசையவில்லை.

இடையில் ஒரு நாள் தலைமை எழுத்தர் நடந்ததையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி, ‘பிழை என்னுடையது, தண்டனை எனக்குரியது, பெயர்களைத் திருத்துக’ என்று முடித்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஊற்றுப்பேனாவில் எழுதியதால் அது நான்கு நாளில் திரும்பி வந்தது. மனுக்கள் இனிக் கணினி வழியாக மட்டுமே ஏற்கப்படும் என்று ஒரு சீட்டு அதில் குத்தியிருந்தது. கணினியைத் திறந்தார். மனுவின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிற்று. ஊதியம், விடுப்பு, இடமாற்றம், முகவரி மாற்றம். அவருடைய பிழைக்கு அங்கே வகை இல்லை.

முப்பதாம் நாள் மாலையில் இருநூற்றுப் பதினோரு தாள்கள் சேர்ந்திருந்தன.

மறுவாரம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. “உடனே வா. சாட்சிக்கு வீட்டு ஆம்பள ஒருத்தர் வேணுமாம்” என்றாள். குரலில் பதற்றம் இருந்தது, அச்சம் இல்லை.

அவர் போனபோது வாசலில் படைக்காவலர் இருவர் நின்றிருந்தார்கள். மூத்தவருக்கு நரைத்த மீசை. இளையவர் கையில் ஒரு பலகைக் கணினி. காணாமற்போனவரைத் தேட விதியில் ஆளில்லை. ஓடியவரைத் தேட உண்டு. பெயர் நிலைத்த ஏழாம் நாள் வீட்டில் சோதனை இட வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. கணினியே ஆணையை அச்சிட்டு அனுப்பியிருந்தது. தெருவில் எட்டு வீட்டுச் சன்னல்கள் திறந்திருந்தன.

“மன்னிக்கணும்மா, எங்க வேலை இது” என்று மூத்தவர் தலைகுனிந்து சொன்னார்.

“மன்னிப்பு எதுக்கு? வாங்க, உள்ள வாங்க! அந்தக் கதவ நல்லா இடிங்க, பூட்டு கெட்டி.” அக்கா துவைத்த சேலை உடுத்தியிருந்தாள். வெள்ளைத் துணிக் குவியலை ஒதுக்கி, வந்தவர்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். மேசைமேல் மகனின் படங்கள் வரிசையாக இருந்தன. ஐந்து வயது, பன்னிரண்டு வயது, சீருடையில் ஒன்று. பள்ளியிலிருந்து கழற்றித் திருப்பி அனுப்பிய பெரிய படமும் சுவரில் சாய்ந்திருந்தது. “இதுல எது தோதுப்படுமோ எடுத்துக்கங்க. இடது புருவத்துல தழும்பு உண்டு, எழுதிக்கங்க. தண்ணின்னா நல்லா நீந்துவான். எழுதினீங்களா?”

இளையவர் விழித்தார். “அம்மா, கடைசியா எப்ப வந்தாரு?”

“இன்னும் வரல. சாவி அவன்கிட்ட இருக்கு. அதான் பூட்ட மாத்தல.”

இளையவர் தட்டினார்: ‘வீட்டுச் சாவி வைத்திருக்கிறார்.’

அவர்கள் அடுக்களையைப் பார்த்தார்கள், பின்கட்டைப் பார்த்தார்கள், பரணில் விளக்கடித்தார்கள். அக்கா பின்னாலேயே போனாள். ஒன்பது ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாகத் தேடச்சொல்லி அலைந்தவளுக்காக இப்போது அரசே இரண்டு ஆளை அனுப்பித் தேடுகிறது. தலைமை எழுத்தர் சுவரோரமாக நின்றார். பிள்ளை ஆற்றிலே இருக்கிறான் என்று அவர் உள்ளம் ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகத் தெளிவாகச் சொல்லிற்று. அதை மையிலும் எழுத முடியாது, பென்சிலிலும் எழுத முடியாது.

“இங்க யாரும் இல்லைம்மா” என்று மூத்தவர் மெல்லச் சொன்னார். இளையவர் பலகைக் கணினியை நீட்ட, தலைமை எழுத்தர் பழக்கத்தால் பேனாவுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டார். நான்காய் மடித்த படிவம் விரலில் தட்டுப்பட்டது.

“பேனா வேண்டாம் சார். விரலாலயே போடுங்க.”

கண்ணாடியின்மேல் விரலால் ஒப்பமிட்டார். ‘தேடப்பட்டவர் கிடைக்கவில்லை. சாட்சி.’ அது அவர் எழுத்தாகவே இல்லை.

காவலர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். அக்கா முன்னே போய்க் கதவை மறித்துக்கொண்டாள்.

“அடுத்தது எப்ப வருவீங்க?”

“ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வரணும்னு இருக்கும்மா.”

“அவ்வளவு நாளா?” அவள் முகம் வாடியது. பிறகு ஏதோ நினைவு வந்தவளாய் உள்ளே கைகாட்டினாள். “நில்லுங்க, நில்லுங்க. கட்டிலுக்கு அடியில பாக்கலையே நீங்க?”

மூத்தவர் இளையவரைப் பார்த்தார். இளையவர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். பிறகு நரைமீசைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி நடந்து, முழங்கால் இரண்டையும் தரையில் ஊன்றிக் குனிந்தார்.